பனிப்படத்தில் இல்லாத ஒரு வரி

ஏ.எஸ்.ராவ் நகர், ஹைதராபாத்
ஜூலை 12, ஞாயிறு

அன்பு மகள் பிளெசிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் தம்பி ஆலனும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அந்தக் குளிரில் சுகமாயிருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். கப்பலுக்கு ஃபோன் கிடைக்காததால் மெயிலில் எழுதுகிறேன். இன்று ஆராதனையில் உனக்காக ஜெபித்த பாஸ்டர், வடதுருவக் கடலில் இருக்கிற உன்னைத் தென்துருவத்துக்கு அனுப்பிவிட்டார், திருத்த எழுந்த என்னை அம்மா சட்டையைப் பிடித்து உட்காரவைத்து, கர்த்தருக்கு மேப் தெரியும், நீங்க சும்மா இருங்க என்றாள். அவளுடைய தைரியம் எனக்கு இல்லை, அந்த மேப் எப்படித் தயாராகிறது என்று எனக்குத் தெரியும்.

கடல் திறந்துவிட்டது, புதன்கிழமை வடக்கே போகிறோம் என்று எழுதியிருந்தாய். எங்கே பனி, எங்கே திறந்த கடல் என்று வெள்ளையிலும் நீலத்திலும் காட்டி என் பழைய ஆபீஸ் வெளியிடும் பனிப்படத்தைப் பார்த்துத்தான் உங்கள் கேப்டன் அப்படிச் சொல்கிறார். நானும் தினமும் பார்க்கிறேன், நான்கே நாளில் அவ்வளவு வெள்ளையும் நீலமாகிவிட்டது. இரண்டு மீட்டர் பனி நான்கு நாளில் உருகாது பிளெசி. வெயிலில் மேலாக உருகிய தண்ணீர் பனியின் மேலேயே குட்டை குட்டையாகத் தேங்கியிருக்கிறது. செயற்கைக்கோள் கீழிருந்து வரும் நுண்ணலையை வைத்துத்தான் பனியையும் கடலையும் பிரிக்கிறது, அதற்குக் குட்டைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒன்றுதான். நீ ஆராய்ச்சிக்காகக் கடல் பாசி எண்ணப் போனவள், உனக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்களுடையது வாடகைக் கப்பல், பனியை உடைக்கிற கப்பல் அல்ல. ஆலனிடம் சொன்னால், நக்கோ டாடி, வேணாம் விடுங்க, எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டா கப்பல் ஓட்டுறாங்க என்று சிரிக்கிறான். மூடுபனியில் கண்ணைத் திறந்துவைத்து என்ன பயன்?

பதினோரு வருஷமாக நான் முகத்தில் விழிக்காத வெங்கட்டுக்கு நேற்று நானே ஃபோன் செய்தேன். என் ஜூனியராக வந்து எனக்கு மேலே போய் உட்கார்ந்தவன், கோடையில் இந்தப் படத்தை அப்படியே நம்பாதீர்கள் என்று நான் அடியில் எழுதிய வரியை எடுத்தவன் என்று உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். எடுத்த எடுப்பில், ரூஃபஸ் சாரா, திட்டறதுக்கு இத்தனை வருஷமா என்றான். அந்தப் படத்தை நம்பிப் போவது நீ இருக்கும் கப்பல் என்றதும் குரல் மாறிவிட்டது. கப்பல் கம்பெனிக்கு இப்பவே எழுதறேன் சார், ஆனா கடைசியில கேப்டன் முடிவுதான் என்றான். பிறகு மெதுவாக, அந்த வரியை நான் எடுக்கல சார், ஆதாரம் காட்டி ஒரு பக்கம் எழுதித் தாங்கன்னுதான் கேட்டேன், நீங்கதான் ஃபைலை வீசிட்டுப் போனீங்க என்றான். அவன் சொன்னது உண்மை. அவன் கேட்டு நான் எழுதுவதா என்ற வீம்பில், வரி இல்லாத படத்துக்கே ஒப்புதல் கையெழுத்துப் போட்டேன். நம்பிப் போகிறவன் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று அன்றைக்கு நினைத்தேன் பிளெசி.

இதைப் படித்தவுடன் கேப்டனிடம் போ, வெட்கப்படாதே. பனிப்பாளங்களைத் தனித்தனியாகக் காட்டும் ரேடார் படம் கேட்டு வாங்கிப் பார்க்காமல் அந்த நீலத்துக்குள் நுழைய வேண்டாம் என்று சொல். பாசி எண்ணும் பெண்ணுக்கு என்ன தெரியும் என்பார். அந்தப் பனிப்படத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் என் அப்பா, அவரே தவறு என்கிறார் என்று சொல்லிவிடு.

கர்த்தருடைய கரம் உங்கள் கப்பலுக்கு முன்னே போகட்டும். சாக்ஸ் நனைந்தால் உடனே மாற்று. நீளமாக ஒன்றும் எழுத வேண்டாம், நின்றுவிட்டோம் என்று ஒரு வார்த்தை புதன்கிழமைக்குள் அனுப்பு.

உன் அப்பா,
ரூஃபஸ்