மாத்தளையில் மூடும் கை

என் ஹம்சியின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க முடியாது. கேட்காமல் தொடங்கவும் கை வரவில்லை.

பாடசாலையில் உங்கள் நினைவாக ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். தரம் ஒன்றுப் பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்க நீங்கள் வைத்திருந்த விளையாட்டுகளைப் பற்றி நான்தான் எழுத வேண்டுமாம். "கூட இருந்து செஞ்சது நீங்கதானே டீச்சர்" என்றார் பாடசாலை அதிபர். உண்மைதான். மேல் வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற நான், வீட்டுக்கு வந்தால் சோடா மூடிகளில் எழுத்து எழுதுகிறவளாகத்தான் இருந்தேன். கட்டுரையாக எழுத உட்கார்ந்தேன். "அன்னார்" என்று இரங்கல் அறிவித்தலில் வருகிற சொல் வந்தது. அதற்கு மேல் பேனா ஓடவில்லை. நீங்கள் எப்படி எனக்கு அன்னார் ஆவீர்கள்? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. பின்பக்கத்து மிளகுக் கொடி இந்தத் தடவை நன்றாகக் காய்த்தது. உங்கள் அக்காதான் பறித்துக் காயவைத்தார். அவர் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வகுப்புக்குப் போகிறேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, தொட்டால் யாருடையதோ போல, எனக்கு முழுவதும் அப்படி இருக்கிறது. வலி இல்லை. அதுதான் எல்லாருக்கும் பயமாக இருக்கிறது.

"ஒரு தடவ அழுதுரு மாலா. அழுதாதான் நெஞ்சு லேசாகும்" என்கிறார் அக்கா.

"வரல அண்ணி."

"வெங்காயமாவது உரி."

உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இது கணக்குல சேராது" என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

மிளகு என்றதும் அந்த முதல் எழுத்து அட்டைகள் ஞாபகம் வருகின்றன. பிள்ளை எழுத்தை விரலால் வருடிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்ல வேண்டும், கண்ணும் காதும் மட்டும் போதாது, விரலும் படிக்க வேண்டும் என்பீர்கள். வீட்டில் எது அதிகம் இருக்கிறது என்று பார்த்தோம். மிளகு. அட்டையில் பசை தடவி உட்கார்ந்து ஒட்டினோம். அடுத்த நாள் இடைவேளைக்கு முன்னாலேயே உங்கள் வகுப்பு முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டு அலறியது. நான் என் வகுப்பை விட்டு ஓடி வந்தேன். நீங்கள் வாளித் தண்ணீரோடு நின்றீர்கள், நீங்களும் கண்ணைக் கசக்கியபடி.

பிறகு குரக்கன் தானியம் ஒட்டினோம். சனி, ஞாயிறு கழித்துப் போய்ப் பார்த்தால் எலி தின்றுவிட்டது. 'ஞ' ஒன்றை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. "எலிக்கும் ஞ கஷ்டந்தான் மாலா" என்றீர்கள். கடைசியில் புளியங்கொட்டை. அந்த அட்டைகள் இன்னும் வகுப்பில் இருக்கின்றன. ஓரங்கள் கறுத்துவிட்டன. கொட்டைகள் பளபளவென்று இருக்கின்றன.

ஆனால் பிள்ளைகளுக்குப் பிடித்தது அட்டை இல்லை. உங்கள் இடது கை.

இதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்து ஒவ்வொன்றையும் தனியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அவற்றைச் சேர்த்துச் சொல்லாக்குவதுதான் மலை ஏறுகிற வேலை. அதற்கு அவர் தன் கையையே ரயில் பாதை ஆக்கினார். தோள்பட்டை கண்டி. முழங்கை வத்துகாமம். மணிக்கட்டு உக்குவளை, எங்கள் ஊர். உள்ளங்கை மாத்தளை. பிள்ளை தோளில் தட்டி 'ம' என்று சொல்லும். முழங்கையில் 'ர'. மணிக்கட்டில் 'ம்'. பிறகு எக்ஸ்பிரஸ். விரலைத் தோளிலிருந்து எங்கும் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டு வந்து 'மரம்' என்று சொல்லி உள்ளங்கையில் இறங்க வேண்டும். சரியாக வாசித்தால் கை படக்கென்று மூடி அந்த விரலைப் பிடித்துக்கொள்ளும். "மாட்டிக்கிச்சு!" என்று கத்துவார். பிழை என்றால் கை மூடாது. ஒன்றும் சொல்ல மாட்டார், திட்ட மாட்டார். கை திறந்தே இருக்கும். ரயில் திரும்பக் கண்டிக்குப் போய்ப் புறப்பட வேண்டும்.

உங்கள் சட்டைகளை எப்படித் துவைப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். இடது கையில் மட்டும் மூன்று அழுக்கு, தோளில், முழங்கையில், மணிக்கட்டில். வாசலடித் தேநீர்க் கடை முதலாளி கேட்பாரே, "என்ன சேர், பஸ்ஸுல ஒத்தக் கையில தொங்கிட்டு வந்தீங்களா?" ஒரு தாய் வந்து, "சேர், புள்ளயோட கொப்பி வெள்ளையாவே இருக்கே, ஒண்ணும் எழுதலியா?" என்று சண்டை பிடித்தபோது, உங்கள் சட்டைக் கையைத் திருப்பிக் காட்டினீர்கள். "இங்கதான் எழுதியிருக்கு அம்மா, வாசிங்க." அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நம் ஹம்சியும் அந்தச் சட்டையில் எழுதியவள்தானே. ஆறு வயது, அப்பாவின் வகுப்பு. வீட்டில் அப்பா, பாடசாலையில் சேர் என்று பிழையில்லாமல் மாற்றிக்கொண்டாள்.

அந்தக் கடைசி நாளும் பாடம் நடந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் திரீவீலரில் ஏறியது பாடசாலை விட்ட பிறகு. அன்றைக்குக் கடைசியாக யாருடைய விரலைப் பிடித்தீர்கள்? என்ன சொல் அது? வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். "என்னோடதுதான்" என்று எல்லாரும் கை தூக்கினார்கள்.

உங்களுக்கு வெள்ளைச் சட்டை போட்டு வீட்டில் பெட்டியில் வைத்திருந்தார்கள். கூட்டம் நிறைந்திருந்தது. ஹம்சி பெட்டியருகே நாற்காலி ஒன்றில் ஏறி நின்று உங்கள் இடது கையைத் தொட்டாள். தோளிலிருந்து கீழே வருடினாள். விரலை உங்கள் உள்ளங்கைக்குள் நுழைத்தாள். மறுபடி தோளுக்குப் போனாள். பார்த்தவர்கள் எல்லாரும் உடைந்து அழுதார்கள். "புள்ள அப்பாவத் தடவிக் குடுக்குது பாருங்க" என்று யாரோ சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உங்கள் அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவள் வாசிக்கவில்லை.

எழுத்து மறக்கவில்லை. உங்கள் வகுப்பை இப்போது ரிஃப்கா டீச்சர் பார்க்கிறார், இளம்பிள்ளை, அக்கறையானவர். ஆசிரியர் அறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எல்லா எழுத்தும் தெரிஞ்சீக்கி டீச்சர். 'ம' கேட்டா 'ம', 'ர' கேட்டா 'ர'. சேத்துச் சொல்லுன்னா வாய மூடிக்கிறா. மத்தப் புள்ளைங்க பாலர் கதையே வாசிக்கிறாங்க."

"கைய குடுத்துப் பாத்தீங்களா?"

"குடுத்தேன். மணிக்கட்டு வரைக்கும் வந்தா. அங்கேயே நின்னுட்டா."

உக்குவளையில் நின்றுவிட்டாள். மாத்தளைக்குப் போகவில்லை.

வீட்டில் நானும் கையை நீட்டினேன். "உங்க கை வேணாம்மா" என்றாள். கோபம் இல்லாமல், வேண்டாத கறியைத் தள்ளி வைப்பது போல. சோடா மூடிகளைக் காந்தத்தால் தூண்டில் போட்டுப் பிடிக்கிற விளையாட்டை எடுத்து வைத்தேன். பிடித்தாள். பிடித்த எழுத்துகளைத் தனித்தனியாகத் தள்ளித் தள்ளி வைத்தாள், ஒன்றோடொன்று முட்டாமல். எனக்கு வேறு எதுவும் தைக்கவில்லை, இது மட்டும் தைத்தது. இவள் இப்படியே நின்றுவிடுவாளோ என்ற பயம். எனக்குள் உயிரோடு இருந்தது அந்தப் பயம் ஒன்றுதான்.

போன சனிக்கிழமை அவள் காலுக்குச் சப்பாத்து வாங்க மாத்தளைக்குப் போனோம். பஸ் வேண்டாம், ட்ரெயின்தான் வேண்டும் என்றாள். கொஞ்ச தூரம்தானே. மாத்தளை வந்ததும் பெட்டி காலியானது. அவள் இறங்கவில்லை.

"எறங்கு ஹம்சி, மாத்தளை வந்துருச்சு."

"இதுக்கு மேல போகாதா?"

"போகாது. தண்டவாளம் இங்க முடிஞ்சிருச்சு."

கூட்டிவந்து மேடையில் இருந்த பெஞ்சில் உட்கார வைத்தேன். காலை ஆட்டிக்கொண்டு ரயிலையே பார்த்தாள்.

"இந்த ட்ரெயின் ஒழுங்கா வந்துருச்சு" என்றாள். "நாந்தான் தப்பா ஓட்டிட்டேன்."

"எப்ப?"

"அன்னைக்கு. அப்பா பெட்டிக்குள்ள இருந்தப்ப." தன் பழைய சப்பாத்தின் நுனியிடம் சொல்வது போலச் சொன்னாள். "அ, ப், பா. எக்ஸ்பிரஸ்ஸும் ஓட்டினேன். அப்பா கைய மூடல. திரும்பக் கண்டியில இருந்து வந்தேன். அப்பவும் மூடல. அதுக்குள்ள அத்தை தூக்கிட்டுப் போய்ட்டாங்க." பிறகு மெதுவாக, "எனக்கு அப்பாவையே வாசிக்கத் தெரியலம்மா" என்றாள்.

நாங்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோமே. பிள்ளை வருடிக்கொடுக்கிறாள் என்று அழுதோமே. அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். உங்கள் விதிப்படி, பிழை விட்டவளாக அங்கிருந்து தூக்கிச் செல்லப்பட்டாள்.

"நீ சரியாத்தான் வாசிச்ச" என்றேன்.

"அப்ப ஏன் மூடல?"

அப்பா தூங்குகிறார், சாமியிடம் போயிருக்கிறார் என்று ஊரார் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் மறுக்காமல் இருந்தேன். தூங்குகிறவர் என்றால் கையை மூடியிருக்கலாமே.

"அப்பா செத்துட்டாரு, ஹம்சி. செத்துப் போனா கைய மூட முடியாது. சரியா வாசிச்சாலும் முடியாது. யாரு வாசிச்சாலும் முடியாது."

உங்களைப் பற்றி அந்தச் சொல்லை நான் அதுவரை வாய் திறந்து சொன்னதில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "முடிஞ்சிருந்தா மூடியிருப்பாரா?"

"மூடியிருப்பாரு. விட்டுருக்கவே மாட்டாரு."

பிறகு அவளாகவே என் இடது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தோளில் தட்டினாள். 'அ'. முழங்கையில் 'ப்'. மணிக்கட்டில் 'பா'. அங்கே நின்றாள். என்னைப் பார்த்தாள். திரும்பத் தோளுக்குப் போய், நிற்காமல் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா."

என் உள்ளங்கையில் அவள் விரல் கிடந்தது. என் கை மூடவில்லை. மூடு என்று நான் மனதில் சொன்னது கை வரை போய்ச் சேரவில்லை போல. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன இடைவெளியில் அவள் முகம் மாறத் தொடங்கியதைக் கண்டேன். அப்போது மூடியது. இறுக்கி மூடியது.

"மாட்டிக்கிச்சுன்னு சொல்லணும்மா" என்று சொல்லிக் கொடுத்தாள்.

"மாட்டிக்கிச்சு" என்றேன்.

அழுகை அப்போதும் வரவில்லை. அக்காவிடம் சொல்லாதீர்கள். ஆனால் அவள் விரல் சூடாக இருந்தது. அது எனக்குத் தெரிந்தது.

சப்பாத்துக் கடையில் பெட்டி ஒன்றின் மேல் இருந்த சொல்லை என் கையில் வைத்து வாசித்தாள். பிழை. நான் மூடவில்லை. சிரித்துக்கொண்டு கண்டிக்குத் திரும்பினாள்.

திங்கட்கிழமை ரிஃப்கா டீச்சரிடம் போய்ச் சொன்னேன். கையை நீட்டத் தெரிந்த அவருக்கு, மூட வேண்டும் என்பது தெரியாமல் இருந்தது. இதை வாசிக்கிற ஆசிரியர்களும் தெரிந்துகொள்ளட்டும். அட்டைக்குப் புளியங்கொட்டை நல்லது, மிளகு வேண்டாம். பிள்ளை சரியாக வந்து இறங்கினால் கையை மூடுங்கள், தாமதிக்காதீர்கள்.

உங்கள் சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. இப்போது அழுக்காவது என் கைதான், தோளில், முழங்கையில், மணிக்கட்டில். ஹம்சி எந்தச் சொல்லை ஏற்றிக்கொண்டு வந்தாலும் மாத்தளையில் நான் இருப்பேன். பிழை என்றால் திறந்து வைத்துக் காத்திருப்பேன். சரி என்றால், எனக்கு எதுவும் உறைக்காத நாளாக இருந்தாலும், மூடுவேன்.

உங்கள் மாலா,
ஹம்சியின் அம்மா