பங்கு போடாத சிலை

நானா, இன்று காலை மருமகள் பித்தளைப் படிக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கூடப்பிறக்காத அண்ணனான உங்கள் நினைவு வந்துவிட்டது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல அவள் எழுதுகிறாள்.

மாம்புரிக் கரையில் நாம் கரைவலை இழுத்த அந்தக் காலை. வலையின் மடியில் சாளை மீனோடு சுண்ணாம்பு பிடித்த கட்டி ஒன்று வந்தது. நம்மோடு வலை இழுத்த உள்ளூர்ப் பொடியன் றாசிக் அதைக் கல்லில் தட்டினான். உள்ளே சாண் உயரத்தில் ஒரு வெண்கல வாலிபன். சுருட்டை முடி, குதிகாலில் சின்னச் சிறகுகள், உடம்பெல்லாம் பொன்பூச்சு.

"பொன்னெண்டா சுரண்டுவம். மடியில வந்தது எல்லாருக்கும் பங்குதானே," என்றான் றாசிக். புளியும் மணலும் வைத்துத் தேய்க்கத் தொடங்கினான். தோளில் இருந்த பொன் மணலோடு போனது. நீங்கள் பாய்ந்து அவன் கையைப் பிடித்தீர்கள்.

"மன்னார்ல இருந்து கட்டின சாரத்தோட வந்த ஆளுக்கு எங்கட கடல்ல என்ன கதை?" என்றான் அவன்.

ஊரைவிட்டு விரட்டப்பட்டு, உடுத்த சாரம் ஒன்றோடு இங்கே வந்தவர் நீங்கள்; அதைத்தான் குத்திக் காட்டினான். நீங்கள் கோபிக்கவில்லை.

"ஓம் தம்பி, சாரத்தோடதான் வந்தன். அதாலதான் சொல்றன். ஊர்விட்டு வந்த ஒண்டுட தோல உரிக்கக் கூடாது."

"இதுக்குச் சாரமும் இல்லியே நானா!" என்று யாரோ கத்த, கரையே சிரித்தது. றாசிக்கும் சிரித்தான்; பிடி தளர்ந்தது. நீங்கள் தலைத்துண்டை அவிழ்த்துச் சிலையின் இடுப்பில் சுற்றினீர்கள்.

பிறகு அது யாருடைய சாமி என்று நாம் கேட்டுத் திரிந்தோம். கோயில், சர்ச், புத்த பிக்குகளின் பன்சலை, எங்கும் "எங்கட இல்ல" என்றார்கள். கடைசியில் புதைபொருள் ஆராயும் அரசாங்கக் கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். முற்காலத்தில் தூர தேசத்து வணிகர் வழித்துணைக்குக் கும்பிட்ட தெய்வம் என்றார் அங்கிருந்த ஐயா. "நீங்க முஸ்லிம் ஆக்கள், இதுக்கு ஏன் இவ்வளவு அலைஞ்சீங்க?" என்றும் கேட்டார்.

"நாங்க கும்பிடுறதில்ல ஐயா. கும்பிட்டவன் ஒருத்தன் இருந்திருப்பான்தானே," என்றீர்கள்.

நானா, அப்படி ஒரு பதிலைப் படித்த மனிதரிடமும் நான் கேட்டதில்லை.

உங்களை அடக்கம் செய்த அன்று மன்னாரிலிருந்து உங்கள் ஆட்கள் வந்துசேரவில்லை. கபுறுக் குழிக்குள் இறங்கி மையித்தை வாங்கிக் கிடத்துவது சொந்தக்காரன் வேலை. "யாரு இறங்குற?" என்று பள்ளிவாசல் லெப்பை கேட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு றாசிக் முன்னால் வந்தான். "நான் இரிக்கிறன்" என்றான்.

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.