எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும்

உன் இயர்போனின் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் இன்று காலை அந்த போன் வந்தது. சும்மா வைத்தாலே தானாக முடிச்சுப் போட்டுக்கொள்ளும் என்று அதைத் திட்டுவாயே, இன்னமும் அப்படித்தான் இருக்கிறது. உன்னிடம் இரவல் வாங்கியது. திருப்பித் தருவதற்குள் ஒரு காய்ச்சல் வந்து, நீ பாட்டுக்குப் போய்விட்டாய். உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

"வாழ்த்துகள் மேடம், நீங்க செலக்ட் ஆயிட்டீங்க" என்றான் ஒருவன். துவாக்குடியில் கம்பெனியாம். நேற்று வாட்ஸப்பில் ஏதோ சில கேள்விகளுக்குப் பதில் தட்டியிருந்தேன். அதுதான் இன்டர்வியூ என்று இன்றுதான் தெரிந்தது. மார்க் ஷீட், டிகிரி எல்லாம் ஒரிஜினலாக மதியத்துக்குள் கூரியரில் போக வேண்டுமாம். இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்காம். முகவரி தரத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தான்.

"செலக்ட் ஆயிட்டேனா?" என்று நான் கேட்டது அம்மா காதில் விழுந்துவிட்டது. தடுப்பதற்குள் புடவை மாற்றிக்கொண்டு தாயார் சன்னதிக்குக் கிளம்பிவிட்டாள். படிப்பு முடிந்ததிலிருந்து தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி அலுத்தவள், பாவம்.

சர்டிபிகேட் ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உனக்கு இப்படித்தான் ஒரு அழைப்பு வந்தது, நினைவிருக்கிறதா? ஒரு காது உனக்கு, ஒரு காது எனக்கு என்று மாட்டிக்கொண்டு கேட்டோம். அரியமங்கலத்தில் ஆபீஸ் என்றான். நீ அப்பாவி போல, "எந்த ஸ்டாப்ல இறங்கணும்ங்க?" என்றாய். மேப் பார்த்து வரச் சொன்னான். நீ போனை வைத்துவிட்டுச் சிரித்தாய். "தினம் வேலைக்குப் போறவனுக்கு ஸ்டாப் பேரு தெரியாதாடி?" நான் எரிச்சலில் அன்று முழுக்க உன்னுடன் பேசவில்லை. கிடைக்கிற வேலையையும் கெடுக்கிறாயே என்றிருந்தது.

அவன் மறுபடி கூப்பிட்டான்.

"ஒரிஜினலை நேர்லயே கொண்டாந்து தரேங்க. துவாக்குடிதானே, பஸ் ஏறினா வந்துடுவேன். எந்த ஸ்டாப்ல இறங்கணும்?"

"அதெல்லாம் ஜாயின் பண்றப்ப சொல்வோம். கூரியர் போடுங்க."

"பக்கத்துல என்ன கடை இருக்குன்னாவது சொல்லுங்க."

அவன் குரல் மாறியது. "உங்களுக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணுங்க. அதனாலதான் கேக்கறேன்."

கட் பண்ணிவிட்டான்.

அம்மா இந்நேரம் பிரசாதத்தோடு திரும்பிக்கொண்டிருப்பாள். அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? நாளை உண்மையான கம்பெனியே கூப்பிட்டாலும், அதையும் இப்படிக் கேட்டு விரட்டிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. "உண்மையானவன்னா ஸ்டாப் பேரைச் சொல்லிட்டுப் போறான், லூசு" என்று நீ தலையில் தட்டியிருப்பாய்.

பேசி முடித்து இயர்போனைக் கழற்றும்போதுதான் கவனித்தேன், ஒன்றை மட்டும்தான் காதில் மாட்டியிருக்கிறேன். இன்னொன்று உன் பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.