மாமியிடம் கேட்ட கேள்வி

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்,
12-2-1943

அப்பாவுக்கு நமஸ்காரம். நான் சௌக்கியம். உங்கள் மூச்சிரைப்பு தணிந்ததா?

நான் தங்கியிருக்கும் வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி மடியாக, யார் மேலும் படாமல் சமைக்கும்போது புடவைத் தலைப்பில் தீப்பற்றிவிட்டது. பயப்படாதீர்கள், ஆறிவிடும் காயந்தான். யுத்தகால முதலுதவி வகுப்பில் பரிசு வாங்கிய நான், கம்பளியும் கையுமாக அடுக்களை வாசலில் நின்று, "மாமி, நான் விழுப்பு, காலேஜ் புடவை. தொடலாமா?" என்று கேட்டேன்.

"தொட்டுத் தொலையேண்டி!" என்று மாமி அலறிய பிறகே போர்த்தி அணைத்தேன். அதற்குள் முழங்கை கொப்பளித்துவிட்டது.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "இந்தக் குட்டிதான் என்னைக் காப்பாத்தினா" என்கிறாள் மாமி. நான் கேட்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கட்டுப் போட உங்கள் பழைய மல் வேஷ்டி ஒன்று அனுப்புங்கள். கூடவே, என்னைத் திட்டி நாலு வரி எழுதுங்கள். இங்கே திட்ட யாருமில்லை.

தபாலுக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்,
கோமதி