பத்திரிகையில் வந்த முகம்

என் கண்ணான பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் எங்கே ஒளிந்திருந்தாலும் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். என் கையில் வெந்நீர் கொட்டிவிட்டது, பயப்படாதே, நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். உன் அப்பா தூங்குகிறார், இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது.

அந்தப் பத்திரிகைக்காரனை நினைத்தால் அடிவயிறு எரிகிறது. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக்கொண்டே, யாரைப் பிடிக்கப் போகிறோம் என்று அந்நிய அதிகாரிகள் பேசியதைக் கேட்டு, நம் விடுதலைக்காரர்களுக்குச் சொல்லி எத்தனை உயிரைக் காப்பாற்றினாய், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ‘அதிகாரியை மயக்கிய குரலழகி, காதலனோடு ஓட்டம்’ என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறான். சளி பிடித்தால் உன் குரலுக்குத் தெருநாய் குரைக்கும், அதில் மயங்கினானாம்! போதாததற்குப் படம் வேறு. தண்ணீர் கேட்டு வந்தவன், நான் உள்ளே போன நேரத்தில் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போயிருக்கிறான். அது சின்னவள் படமடி! பள்ளி நாடகத்துக்கு உன் உடுப்பை மாட்டிக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி நின்றாளே, அதுதான். இப்போது தையல்கடைத் தடியன்கள் இவளைப் பார்த்து, “என்ன குரலழகி, எங்களுக்கும் ஒரு லைன் குடேன்” என்கிறான்கள். தலைமையாசிரியை, “பேப்பர்ல திருத்தம் வரட்டும், அதுவரைக்கும் இவ வீட்லயே இருக்கட்டும்மா” என்று அனுப்பிவிட்டாள். உன் அப்பாவோ, “விடு, நாலு நாள்ல மறந்துடுவாங்க” என்கிறார். நான் விடமாட்டேன். விடிந்ததும் பெட்டியில் இருக்கும் உன் படத்தை எடுத்துப் போய் அந்தப் பத்திரிகைக்காரன் மேசையில் அறைந்து, “இவதான்டா என் பொண்ணு, போடு திருத்தம்” என்று கேட்கப்போகிறேன். நீ நல்லாயிருப்பாய், ஒரு குறையும் வராது. ஈரத் தலையோடு படுக்காதே.

உன் அம்மா.

அக்கா, இனி அம்மா சொன்னது இல்லை. அம்மா தூங்கிவிட்டாள். ரயில் நிலையத்தில் போலீஸ் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்தேன், உன் பெயருக்கு மேலே என் முகம். ஒரு சிப்பாய் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு வீடு வரை ஓடினேன். உன்னோடு வேலை பார்த்த கண்ணாடிக்கார அக்கா வழியில் பிடித்துச் சொன்னாள்: “போலீஸ் இந்தப் படத்தைக் காட்டி உங்கக்கா இவளான்னு கேட்டாங்கடி. ஆமா, இவளேதான்னு நாங்க அத்தனை பேரும் சொல்லிட்டோம். ஆபீஸ்ல இருந்த உங்கக்காவோட நிஜப் படத்தைக் கிழிச்சாச்சு. நீ வாயத் திறக்காதே.”

மிச்சம் இருந்தது பெட்டியில் இருந்த படம் மட்டும்தான். அதை இப்போது அடுப்பில் போட்டுவிட்டேன். காலையில் அம்மா தேடுவாள், கத்துவாள். பள்ளிக்கூடம் எப்போது என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. இதைப் படித்ததும் நீயும் எரித்துவிடு. முகத்தை மூடாமல் நட, அக்கா.

உன் தங்கை.