அப்பாவின் கைக்கு வந்த பேச்சு

அன்பு மகள் வினார்த்திக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், மனசு எப்படி என்பதைப் பின்னால் எழுதுகிறேன். நீயும், நீ பார்த்துக்கொள்கிற அந்தத் தைவான் பெரியம்மாவும் சளி இருமல் இல்லாமல் இருக்க அல்லாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அடிக்கடி போனில் முகம் பார்க்கிறோமே, அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். பிறவியிலேயே காது கேட்காதவர்தானே, அவர் எதிரில் என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று ஊரில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். உனக்கும் எனக்கும் தெரியும், நம் முகத்தை வைத்தே முக்கால்வாசியை அவர் தெரிந்துகொள்வார். இதை முகம் மாறாமல் சொல்ல என்னால் ஆகாது, என் நோக், என் செல்லப் பெண்ணே. அதனால்தான் எழுதி, லீவு முடிந்து அங்கே தைசுங் திரும்புகிற பக்கத்து வீட்டு குஸ்வாதியிடம் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். வேலைக்கு நடுவில் பிரிக்காதே, பெரியம்மா தூங்கின பிறகு நிதானமாகப் படி.

வெங்காயம் பிடுங்கி முடிந்தது, மழை முந்திக்கொண்டதில் பாதி அழுகல். வாத்துகள் முட்டை வைப்பதில் குறையில்லை, உப்பு முட்டைக்கு மண் குழைத்து வைத்திருக்கிறேன். கூரையில் ஒழுகின இடத்தை அப்பாவே ஏறி அடைத்துவிட்டார், இந்த வயதில் ஏறாதீர்கள் என்று நான் கீழே நின்று கையை ஆட்டினால் அவர் திரும்பிப் பார்த்தால்தானே. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ பெருநாளுக்கு அனுப்பிய போனைப் பற்றித்தான். அது வந்த புதிதில் எனக்கு அதன்மேல் ஒரு குறையும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்பார், விடியற்காலைத் தொழுகைக்கு அது நடுங்கினதும் தானே எழுந்துவிடுவார், நான் உலுக்க வேண்டியதில்லை. கரண்டு போனால் முன்பெல்லாம் எங்கள் பேச்சும் போய்விடும், இருட்டில் கை தெரியாதே. இப்போது போன் வெளிச்சத்தைத் தன் கைமேல் அடித்துக்கொண்டு பேசுகிறார். எந்த வயலில் அறுப்பு முடிந்திருக்கிறது, வாத்தை எங்கே ஓட்டலாம் என்று படம் அனுப்பிக் கேட்டுக்கொள்கிறார். நாம் பேசுவதை அதுவே எழுதிக் காட்டும் என்று நீ சொல்லிக்கொடுத்தாயே, அதுதான் சரிப்படவில்லை. நம் ஊர்ப் பேச்சு அதற்குப் புரியவில்லை. நான் தவிடு தீர்ந்துபோச்சு என்று சொன்னேன், அது தலைவர் தீர்ந்துபோச்சு என்று எழுதியிருக்கிறது. இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போன படிப்புக்கு அப்பா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு துக்க முகத்தோடு கிராமத் தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்க, அவர் பல் துலக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். ஊர் சிரித்து முடிய ஒரு வாரம் ஆயிற்று.

அதற்கப்புறம்தான் தெகால் டவுன் ஆட்கள் வந்தார்கள். அங்கே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தாஹு அசி, அந்த மாவு தடவின சோயாக் கட்டியைப் பொரித்து விற்கிற கணவன் மனைவி, இரண்டு பேருக்குமே காது கேட்காது. முட்டை விற்கப் போன இடத்தில் அப்பாவைப் பார்த்துப் பழகி, தங்கள் கூட்டத்தின் வீடியோவில் சேர்த்துவிட்டார்கள். பிரபெஸ், பெமாலாங், செமாராங் என்று எங்கெங்கோ இருக்கிற காது கேட்காதவர்கள் எல்லாரும் ஒரே திரையில் கட்டம் கட்டமாக உட்கார்ந்து கையால் பேசிக்கொள்கிறார்கள். நானும் உன் அப்பாவும் பேசிக்கொள்வது நாங்களாகக் கட்டிக்கொண்ட சைகை என்பது உனக்குத் தெரியும், கன்னத்தைக் கிள்ளினால் நீ, கொண்டையைத் திருகினால் நான். அவர்களுடையது அப்படியில்லை, அதில் எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது, நேற்று, ஒருவேளை, ஏன் என்பதற்கெல்லாம்கூட. இரண்டு மாசத்தில் அப்பாவின் கைகளே வேறு கைகள் ஆகிவிட்டன. போனை வைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரிப்பார். என்ன என்று நான் கேட்டால் எங்கள் பழைய சைகையில் ஒன்றுமில்லை என்று கையை விரிப்பார். முப்பது வருஷம் சந்தையிலும் மசூதியிலும் கல்யாண வீட்டிலும் அவருக்கு நான்தான் வாய், நான்தான் காது. இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டு தர்மின் சும்மா இருப்பானா, என்ன யூ, ரஸ்தினியக்கா, உங்க வீட்டுக்காரரு பேசுற ஆளாயிட்டாரு, இப்ப நீங்கதான் ஊமையாயிட்டீங்க போலருக்கு என்றான். சிரித்துவிட்டு உள்ளே வந்தேன், அடுப்படியில் நின்றபோதுதான் அது உறைத்தது.

அவர் கண்தான் அவருக்குக் காது, அந்தக் கண்ணை அந்தச் சின்னப் பலகை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்கு முதலிலிருந்தே பயம். பயந்தபடியே ஆயிற்று. போன மாசம் வாத்துகளைப் பெரிய ரோட்டைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது போனைப் பார்த்துக்கொண்டே இறங்கியிருக்கிறார். லாரிக்காரன் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்து, கடைசியில் வண்டியை ஒடித்துத் திருப்பியிருக்கிறான். வாத்துகள் பல அந்த இடத்திலேயே நசுங்கிப்போயின, அப்பாவுக்கு முழங்கையும் முட்டியும் சிராய்ப்பு. லாரிக்காரன் வீடுவரை வந்து, ஏம்மா, காது கேக்காத மனுசனுக்கு யாரும்மா ரோட்டுல பாக்கறதுக்குப் போன் வாங்கிக் குடுத்தது என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனான். உன் பெயரை நான் சொல்லவில்லை. அவன் போனதும் எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். அப்பா வந்து கேட்டார், நான் தெரியாது என்று தலையை ஆட்டினேன். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கத்தவில்லை, தேடவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போனவர் அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வாய்க்கால் கரை முழுக்கத் தேடினோம். தர்மின் என்னோடு அலைந்தபடியே, போன் கையில இருந்தா எந்த எடத்துல இருக்காருன்னு மேப்புல பொட்டு வச்சுக் காட்டியிருக்கும் யூ, அதத்தான் நீங்க அரிசிக்குள்ள அடக்கம் பண்ணி வச்சிருக்கீங்களே என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை.

மூன்றாம் நாள் அவராக வந்தார். தெகாலுக்குத்தான் போயிருக்கிறார், அவ்வளவு தூரம் சைக்கிளில். வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய் அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தார், எதை ஒளித்தாலும் நான் அங்கேதான் வைப்பேன் என்று அவருக்குத் தெரியும், எனக்கு மானம் போயிற்று. சார்ஜ் ஏறினதும் அதைச் சம்பல் அரைக்கிற கல்மேல் சாய்த்து வைத்து, என்னை எதிரில் உட்காரச் சொன்னார். திரையில் ஒரு பெண், அந்தத் தாஹு அசிக்காரர்களின் மகள் இஸ்னா. அவளுக்குக் காது கேட்கும், அப்பா அம்மாவோடு கையால் பேசியே வளர்ந்தவள். அவள் என்னிடம், புலே, சித்தி, உங்க வீட்டுக்காரர் பாக் வர்யோ உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம், அவர் கையால சொல்றத நான் வாயால சொல்றேன், என்னோட வார்த்தை இதுல ஒண்ணும் கிடையாது என்றாள். போனை ஒளித்ததைத்தான் கேட்கப்போகிறார் என்று நான் பதில் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா கையை அசைத்தார். அந்தப் பெண் சொன்னாள், லாஸ்மி எதனால செத்துப்போனா?

லாஸ்மி உன் அக்கா என்பதும், நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள் என்பதும் உனக்குத் தெரியும். அதற்குமேல் நாங்கள் உன்னிடம் பேசினதில்லை. எங்களுக்குள்ளும் பேசிக்கொண்டதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. டெங்கு என்றேன். இஸ்னா அதைக் கையால் சொன்னாள். அவர் உடனே திருப்பிக் கேட்டார், கொசுவாலயா? ஆமாம். மழையில நனைஞ்சதால இல்லையா? இல்லை. கொசுவா, நிச்சயமா கொசுவா? அப்புறம்தான் முழுக்கதையும் வந்தது. ரோட்டில் இறங்கின அன்றைக்கு அவர் போனில் பார்த்துக்கொண்டிருந்தது விளையாட்டு இல்லை. அந்தக் கூட்டத்தில் யாரோ கையால் சொல்லிக்கொடுத்த வைத்திய விஷயம் அது, சூடு, கையெல்லாம் சிவப்புப் புள்ளி, மூக்கில் ரத்தம், எல்லாம் கொசுவால் வருவது என்று. புள்ளியின் படத்தைப் பார்த்ததும் அவருக்கு லாஸ்மியின் கை ஞாபகம் வந்து, ரோடு மறந்துபோயிருக்கிறது. அதைக் கேட்டுத் தெளிவதற்காகத்தான் சைக்கிளில் தெகால் போயிருக்கிறார். நான் போனைப் புதைத்தேன், அவர் தன் மகள் எதனால் செத்தாள் என்று கேட்க வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் சொன்னதை இஸ்னா சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் விடவில்லை. அன்னிக்கு வாத்தோட அவள வயலுக்கு நாந்தான் கூட்டிட்டுப் போனேன். மழை வந்துச்சு, அவ ஆடினா, நான் சிரிச்சுக்கிட்டுப் பாத்துட்டு நின்னேன். சாயங்காலம் ஒடம்பு சுட்டுச்சு. நான் நனைய விட்டதால செத்துப்போனான்னு நெனச்சேன். உனக்கும் அது தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சும் ஒருத்தர்கிட்டயும் சொல்லாம நீ எனக்குச் சோறு போட்டுக்கிட்டிருக்கன்னு நெனச்சேன். இவ்வளவுதான். அப்பா கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சொன்னதை நான் அவருக்கு எப்படிச் சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன். நெற்றியைத் தொட்டுச் சூடு, மூக்கைத் தொட்டு ரத்தம், உள்ளங்கையைக் கவிழ்த்து முடிந்தது. அவர் தலையை ஆட்டினார், புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். கொசுவுக்கு எங்களிடம் சைகை இருந்தது நோக், கையில் தட்டினால் போதும். பிள்ளை போன நேரத்தில் கொசுவைப் பற்றிச் சொல்ல யாருக்குத் தோன்றும்.

மறுநாள் அவருக்குக் கோபம் வந்தது. இஸ்னாவைப் போனில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, முட்டை எத்தனை உடைஞ்சுதுன்னெல்லாம் சொல்லுவியே, இதச் சொல்லலையே என்றார். நீங்க கேக்கலையே என்றேன் நான். இதச் சொல்லட்டுமா புலே என்று அந்தப் பெண் கேட்டாள். சொல் என்றேன். அதற்கு அவர், கேக்கறதுக்கு எங்கிட்ட என்ன சைகை இருந்துச்சு என்றார்.

நீ சின்னவளாக இருந்தபோது கேட்டதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. அப்பா உன்னைத் தூக்கினதில்லை. எத்தனை அழுதாலும் வயலுக்குக் கூட்டிப்போனதில்லை. தூறல் விழுந்தால் விளையாடுகிற இடத்துக்கே வந்து கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வருவார், ஒருதரம் அடித்தும்விட்டார். அப்பாவுக்கு என்னயப் புடிக்கல, ஆம்பளப் புள்ளன்னா புடிச்சிருக்கும் என்று நீ பாயைப் பிறாண்டிக்கொண்டு அழுதாய். அவர் சுபாவம் அப்படி என்று நான் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என்ன காரணம் என்று இப்போது நீயே பார்த்துக்கொள்.

எனக்கு ராத்திரி பகல் இல்லாமல் ஒரே யோசனையாக இருக்கிறது. ஒருத்தர் ஒரு மணி நேரம் பேசுவதை நான் அவருக்கு மூன்று சைகையில் சுருக்கித்தான் சொல்லியிருக்கிறேன். இன்னும் எதையெதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு மனசில் வைத்திருக்கிறாரோ. அந்தப் போன் வராமல் இருந்திருந்தால் அவர் இதைச் சுமந்துகொண்டே மண்ணுக்குள் போயிருப்பார், அதை நினைத்தால் உன் கையை எடுத்து முத்தம் கொடுக்கத் தோன்றுகிறது. அதே போன் அவரை லாரிக்கு அடியில் தள்ளப் பார்த்தது, வீட்டில் என்னைத் தனியாக உட்காரவைத்தது, அதையும் மறைக்க எனக்குத் தெரியவில்லை. இஸ்னாவிடம் நானும் அந்தக் கைப்பேச்சைக் கற்றுக்கொள்கிறேன். விரல் மடங்கமாட்டேன் என்கிறது, அப்பா பொறுமையில்லாமல் என் விரலைப் பிடித்து வளைக்கிறார். சாயங்காலத் தொழுகைக்கப்புறம் தினமும் ஒன்று கேட்கிறார், லாஸ்மி என்ன பேசுவா, குரல் எப்படி இருக்கும், என்னைய என்னன்னு கூப்பிடுவா என்று. நானும் ஞாபகம் வந்த மட்டும் சொல்கிறேன். அவள் இருந்த நாலு வருஷத்தில் பேசினதை இந்த வீட்டில் கேட்டவள் நான் ஒருத்திதானே.

வெள்ளை அரிசியும் அவித்த காயுமாகவே சாப்பிடாதே, குஸ்வாதியிடம் வறுத்த தெம்பேயும் சம்பலும் கொடுத்திருக்கிறேன். அங்கே ரோடு தாண்டும்போது போனைப் பையில் போட்டுக்கொள், இதை நீ எனக்காகச் செய். ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னிடம் தானே பேசப்போகிறார், இஸ்னா இருப்பாள். வெளிச்சம் உன் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்துகொள், அவளைப் பார்க்காமல் அவரைப் பார்த்துப் பேசு. அவர் உன்னிடம் சொல்வதற்கென்று வைத்திருந்ததை இதோ நானே முந்திக்கொண்டு எழுதிவிட்டேன், முப்பது வருஷமாக அவருக்காக நான்தானே பேசிக்கொண்டிருக்கிறேன். முதல்தரம் கேட்பதுபோலக் கேட்டுக்கொள். முகத்தில் மறைக்க முடியாவிட்டால், அம்மா எழுதிவிட்டாள் என்று சொல்லிவிடு, என்னிடம் கோபித்துக்கொள்ளட்டும், இப்போது கோபிக்க அவருக்குச் சொல் இருக்கிறது. அன்றைக்கு நான் வாத்துப் பட்டியில் இருப்பேன், நடுவில் வரமாட்டேன். உன்னைப் படைத்தவன் உன் காலுக்கும் கைக்கும் பலம் தரட்டும், நல்ல மனிதர்கள் நடுவிலேயே உன்னை வைத்திருக்கட்டும்.

உன் அம்மா
ரஸ்தினி