ராணி திரும்பி வரும் காட்சி

சின்ன காஞ்சிபுரம்
2.6.2025

அன்பு ஜினேந்திரா,

உன் மகள் ஜனனி முதல் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? போன் செய்தால் எடுப்பதில்லை. நம் ரசிகர் குழுவிலிருந்தும் சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிட்டாய். அதனால்தான் தபால்காரரை நம்பி எழுதுகிறேன்.

'வெள்ளியானைத் தீவு' இரண்டாம் பாகம் எடுக்கப்போவதாக டைரக்டர் அறிவித்ததிலிருந்து எங்களுக்கு வயிறு எரிகிறது. ராணி யானைமேல் ஏறிப் பனிமூட்டத்துக்குள் மறைந்தாளே, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பதினோரு தடவை பார்த்து அழுதோமே, அவளைத் திரும்பக் கூட்டிவரப் போகிறாராம். அதே நடிகை, இப்போது அறுபது வயது. கேட்கவே சகிக்கவில்லை.

இது போதாதென்று ராணியின் அரக்குச் சேலைக்கான ஆர்டர் என் தறிக்கே வந்தது. முதல் படத்துச் சேலை எங்கள் அப்பா நெய்ததல்லவா. பாதி நெய்தேன், மனசு ஒப்பவில்லை. போன வாரம் வீடியோ எடுத்தபடியே தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை அறுத்துவிட்டேன். சாவு விழுந்தால்கூட எங்கள் வீட்டில் தறியில் ஏறிய பாவு நூலை அறுத்ததில்லை. துர்கா இன்னும் என்னோடு பேசவில்லை. பெண்டாட்டி பேசாவிட்டால் போகிறாள், நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். எதிர்ப்புக்குப் பயந்து நேற்று தயாரிப்பாளர் விலகிவிட்டார், படம் நின்றது. ஜெயித்துவிட்டோம்பா. ஒரு நடை வா, கொண்டாடலாம்.

உன் வேலாயுதம்

திருப்பனமூர்
14.6.2025

வேலு,

இது ஜனனியின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். உன் கடிதத்தையும் அவள்தான் படித்துக் காட்டினாள்.

என் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. ஓரத்திலிருந்து இருண்டுகொண்டே வந்து, இப்போது நடுவில் ஒரு தட்டளவுதான் தெரிகிறது. பொங்கல் வரை தாங்கினால் பெரிது என்று சென்னை டாக்டர் கைவிரித்துவிட்டார். சொன்னால் ஊரைக் கூட்டி அழுவாய் என்றுதான் உன்னிடம் மறைத்தேன். குழுவில் வரும் எழுத்து தெரியாமல்தான் விலகினேன்.

மாசியில் டைரக்டருக்கு எழுதினேன். அவரே போன் செய்தார். ராணி திரும்பி வரும் காட்சியை ஆடியில் முதலில் எடுக்கப்போவதாகவும், அன்று என்னைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக் காட்டுவதாகவும் சொன்னார். அறுபது வயதானால் என்ன? அவள் திரும்பி வருவதைக் கண் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உன் வீடியோவைப் பார்த்த ஜனனி, "வேலு மாமா சிரிச்சிக்கினே அறுக்கிறாருப்பா" என்றாள். நான் போனைத்தான் எடுக்கவில்லை. பஸ் ஏறி வந்து என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

ஜினேந்திரன்

சின்ன காஞ்சிபுரம்
27.7.2025

ஜினா,

நீ எழுதிய பிறகு நான் போடும் ஐந்தாவது கடிதம் இது. முந்தின நாலுக்கும் பதில் இல்லை. நேரில் வந்தபோது நீ வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறாய். ஜனனிக்குப் பொய் வராது, வாசலிலேயே அழுதுவிட்டாள்.

பாவி நான் செய்யாததில்லை. அறுந்த நுனிகளில் புது நூலை இழை இழையாகப் பிணைத்து, துர்காவும் நானும் பதினெட்டு நாளில் ஒரு முழுச்சேலை நெய்தோம். எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய் டைரக்டர் வாசலில் மூன்று நாள் நின்றேன். வெளியே வந்தவர் காலில் விழுந்தேன். "எழுந்திருப்பா. சேலை இருக்குது, பணம் போட்டவரு போயிட்டாரே. நான் இன்னா செய்யட்டும்?" என்றார். படத்தை எடுக்கச் சொல்லி இன்னொரு வீடியோவில் கெஞ்சினேன். எவ்வளவு வாங்கினாய் என்று நம் குழுப் பயல்களே கேட்கிறார்கள்.

நாளைக்கு அந்த நடிகை வீட்டுக்குப் போகிறேன். இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு உன் தெருவில் நாலடி நடந்து வரும்படி கேட்பேன். கண்ணை மட்டும் பிடித்து வைத்துக்கொள். திட்டியாவது ஒரு வரி எழுது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேலு

திருப்பனமூர்
8.9.2025

வேலு,

ஜனனி அளவுகோலைப் பிடித்துக்கொள்ள, நானே எழுதுகிறேன். வரி கோணினால் பொறுத்துக்கொள்.

அந்த அம்மா போன வெள்ளிக்கிழமை வந்தார்கள். சேலை சரசரக்க வாசலில் நடந்து வந்தார்கள். என் கன்னத்தைத் தொட்டார்கள். கண் ஆவணி பிறந்ததுமே போய்விட்டதை அவர்களிடம் நான் சொல்லவில்லை. அழகாக இருக்கிறீர்கள் அம்மா என்றேன்.

எங்கள் சமணர் விரதம் பத்து நாளும் முடிந்து, இன்று மன்னிப்புக் கேட்கும் நாள். எறும்பு வரை எல்லா உயிரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும், எல்லா உயிருக்கும் மன்னிப்புக் கொடுக்கவும் வேண்டும். காலையிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி முடித்தேன். உன் பெயர் வந்ததும் நின்றுவிட்டேன். மூன்று தடவை முயன்றேன்.

என் கண்ணைப் பற்றி உன்னிடம் மறைத்தது என் பிழை. அதற்கு என்னை மன்னித்துவிடு. கேட்க முடிந்தது வேலு, கொடுக்கத்தான் வரவில்லை. இனி எழுதாதே. ஜனனியால் அழாமல் படிக்க முடியவில்லை.

ஜினேந்திரன்